மொட்டை மாடி தொலைநோக்கிக்கு எந்த பார்லோ?

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு மாணவன் மாதக்கணக்கில் வீட்டில் கெஞ்சி ஒரு தொலைநோக்கி வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும் உள்ளதாக இருக்கும். அட்டைப்பெட்டியின் மேல் பளபளப்பாகச் சனிக்கோளின் படம். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 525 மடங்கு! அன்று இரவே மொட்டை மாடி. கூடவே வந்த 3 மடங்கு பார்லோ லென்ஸைச் செருகி, அதற்குள் 4 மி.மீ. கண்ணருகு வில்லையையும் மாட்டிப் பார்த்தால்... ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு மங்கல் புள்ளி. இரண்டாவது வாரம் தொலைநோக்கி பரணுக்குப் போய்விடும். "காசைக் கரியாக்கிட்டான்" என்ற பேச்சு மட்டும் மிஞ்சும்.

பெட்டியில் போட்டிருந்தது பொய்யா என்றால், கணக்குப்படி பொய் இல்லை. 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதை மூன்றால் பெருக்கினால் 525. பார்லோ செய்வது இவ்வளவுதான். அது ஒரு குழிவில்லை. பொருளருகு வில்லையிலிருந்து குவிந்து வரும் ஒளியை வழியில் கொஞ்சம் விரித்துவிட்டு, குவியத்தூரத்தை இரண்டு மடங்காகவோ மூன்று மடங்காகவோ நீட்டிக் காட்டும். இங்கிலாந்துக் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோ 1830-களில் யோசித்ததை ஜார்ஜ் டாலண்ட் செய்து கொடுத்தார். அந்த லென்ஸ் வெளிச்சத்தையும் கூட்டாது, நுணுக்கத்தையும் கூட்டாது. இருப்பதை இழுத்துப் பெரிதாக்கும், அவ்வளவே. ரப்பர் பலூனில் எழுதிய பெயரை ஊதிப் பெரிதாக்குவது மாதிரி.

எவ்வளவு தூரம் இழுக்கலாம்? மி.மீ.யில் விட்டம் எவ்வளவோ அதைப் போல் இரண்டு மடங்கு. 70 மி.மீ. என்றால் 140. அதுவும் நல்ல இரவில். 525-இல் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் தடிமன் 0.13 மி.மீ. தான்! பூமி சுற்றுகிற வேகத்துக்கு, சாதாரண கண்ணருகு வில்லையில் கோள் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் வெளியேற 25 விநாடிகூட ஆகாது. தொட்டாலே ஆடும் முக்காலியில் அதை யார் துரத்துவது?

ஆகவே 70 மி.மீ. காரர்களுக்கு 2 மடங்கு பார்லோதான். ஆனால் அதோடு சேரும் கண்ணருகு வில்லைகளைப் பார்த்து வாங்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். 20-உம் 10-உம் வைத்திருந்தால் பார்லோ போட்ட 20 இன்னொரு 10 ஆகிவிடும், ஒன்று தண்டம். 25-உம் 10-உம் என்றால் 28, 56, 70, 140 என்று நான்கு உருப்பெருக்கம் கிடைக்கும், கடைசி எண் சரியாக எல்லையில் போய் நிற்கும். இதே இரண்டுக்கும் 3 மடங்கு பார்லோ போட்டால் 84, 210. இரண்டாவதால் பயனே இல்லை.

கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு சௌகரியம். 4 மி.மீ. வில்லையில் இமை இடிக்கும் அளவுக்குக் கண்ணை ஒட்ட வைக்க வேண்டும். 10 மி.மீ.யோடு பார்லோ சேர்த்தால் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கலாம்.

3 மடங்கே கூடாது என்பதில்லை. 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத்தூரம் உள்ள குட்டையான ஆடித் தொலைநோக்கிக்கு எல்லை 260. அங்கே 10 மி.மீ. வில்லை வெறும் 65 தான் தரும், 3 மடங்கு பார்லோ 195-க்குக் கொண்டுபோகும். அப்படிப்பட்டவர் வாங்கட்டும். குழாய் அளவு 1.25 அங்குலமா 2 அங்குலமா என்ற குழப்பமும் வேண்டாம். 2 அங்குலம் அகன்ற வானப் பரப்பைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்க. கோள் பார்க்க 1.25 போதும்.

இந்தக் கடற்கரைக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. கடலூரும் சிதம்பரமும் 12 பாகை அட்சத்துக்குள் இருப்பதால் எந்தக் கோளும் உச்சத்துக்கு வரும்போது 50 பாகைக்கு மேலேயே நிற்கும். தெற்கே இறங்கிய சனியை லண்டன்காரர் அடிவானப் புகைக்குள் தேட வேண்டியிருக்கும். புழுக்கமாக, இலைகூட அசையாத இரவுகளில் வியர்வை கொட்டும், வானம் வெளிறியிருக்கும். ஆனால் கோள் பெரும்பாலும் ஆடாமல் நிற்கும். பகலெல்லாம் வெந்த தளம் சூடு கக்கி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். மார்கழியில் வில்லையில் ஈரம் படியும். அதை வேட்டி நுனியால் துடைத்துவிட்டுப் பார்லோவைத் திட்டுவது நியாயமில்லை. சனியின் வளையம் 2025 மார்ச்சில் பூமிக்கு விளிம்பைக் காட்டி மறைந்தது, இனி வரும் ஆண்டுகளில்தான் நன்றாக விரியும். அதற்கும் 3 மடங்கு பார்லோ மருந்து அல்ல.

பார்லோ பிறப்பதற்கு முன்பே இந்தக் கடற்கரையில் ஒரு பெரிய வேலை நடந்திருக்கிறது. கடலூருக்கு வடக்கே சுமார் 20 கி.மீ.யில் உள்ள புதுச்சேரியில் 1689 டிசம்பரில் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த ஆல்பா சென்டாரி ஒற்றை நட்சத்திரம் அல்ல, இரட்டை என்று கண்டுபிடித்தார். 2016 வாக்கில் மிக நெருங்கித் தெரிந்த அந்த இரண்டும் இப்போது விலகி வருகின்றன. மே மாத இரவில் தெற்கே 17 பாகை உயரத்தில் நிற்கும். 20 மி.மீ. வில்லையும் 2 மடங்கு பார்லோவும் தரும் 70 மடங்கில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.