எந்திரி எந்திரின்னு கத்தினா ஆச்சா?

வேக்போர்டு தெரியும்ல? ரெண்டு காலையும் ஒரே பலகையில மாட்டிக்கிட்டு, போட் இழுக்கிற கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணி மேல வழுக்கிட்டுப் போறது. தம்பி மக ஆசைப்பட்டாளேன்னு போன லீவுல கடற்கரைப் பக்கம் ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். பணம் கட்டியாச்சு. லைஃப் ஜாக்கெட் மாட்டியாச்சு. ஒரு பக்கிள் உடைஞ்சு தொங்குது, கேட்டா "ஒண்ணும் ஆகாதுண்ணே"ங்கிறாங்க. புள்ளையைத் தண்ணியில இறக்கினதும் போட்ல இருந்து ஒரே சத்தம்: "எந்திரி! எந்திரி! நில்லு!"

எந்திரிக்கக் கூடாதுங்க! அதுதானே இதுல முதல் பாடமே? மல்லாக்கச் சாய்ஞ்சு, முழங்காலை நெஞ்சோட மடக்கி, பலகையைக் கயித்துக்குக் குறுக்க வச்சு, கையை நீட்டிக்கிட்டுச் சும்மா கிடக்கணும். போட் இழுக்க இழுக்க, பலகைக்கு அடியில தண்ணி அழுத்தி ஆளை அதுவே மேல தூக்கும். குத்தவச்ச வாக்குலயே மேல வந்து, பலகை தண்ணி மேல ஓட ஆரம்பிச்சப்புறம்தான் ஒரு காலை முன்னால திருப்பிக்கிட்டு நிமிரணும். அவசரப்பட்டுக் காலை நீட்டினா பலகை தண்ணியில முட்டும், ஹேண்டில் கையை விட்டுப் போயிரும், மூஞ்சி குப்புற விழ வேண்டியதுதான். பயந்து கையை மடக்கிக் கயித்தை இழுத்தாலும் அதே கதி.

இதைக் கரையில உட்கார வச்சு, அதே ஹேண்டிலைக் கையில கொடுத்து, ஒருத்தர் இழுத்துக் காட்டினா பத்து நிமிஷத்துல புள்ளைக்குப் பிடிபட்டுரும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மனசு வரல. பின்னால க்யூ நிக்குதாம். வீடியோவுக்குத் தனி ரேட் பேச மட்டும் ஒரு ஆள் எந்நேரமும் நிக்கிறார். உப்புத்தண்ணி குடிச்சு இருமிக்கிட்டு வந்த புள்ளையைப் பார்த்து, "பாப்பா பயப்படுது சார், வேற ரைடு போங்க"ங்கிறாங்க. பயம் புள்ளையோட குத்தமா?

சரி, அவங்களை மட்டும் சொல்லி என்ன? தண்ணியில பதறாம கிடக்கிறதுக்கு ஒரு பழக்கம் வேணும். அதை நாம எங்க கொடுத்தோம்? எங்க விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 1985ல பிரிக்கிறதுக்கு முந்தி, ராமநாதபுரத்தோட இருந்தப்பவாவது பேருக்கு ஒரு கரை இருந்துச்சு. ஆனா ராஜபாளையத்துப் பயலுக்கு நீச்சல் பழகக் கடலா வேணும்? தோட்டத்துக் கிணறு இருந்துச்சே! முதுகுல சுரைக்குடுக்கை, இடுப்புல கயிறு, கயித்தோட மறுமுனை மாமா கையில. மாமா கத்த மாட்டார். "உதறாதடா, சும்மா கிட, தண்ணி தூக்கும்"பார். வேக்போர்டுக்கும் இதைத்தானே சொல்லணும்?

இன்னைக்கு அந்தக் கிணறுகள்ல பலது தூர்ந்து கிடக்கு, இருக்கிறதுக்குக் கம்பிவேலி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளுக்கே மார்கழி எண்ணெய்க்காப்பு திருமுக்குளத்துக் கரை மண்டபத்துலதான். அந்த ஊர்லயே நீந்தத் தெரியாத புள்ளைங்க எத்தனை! அய்யனார் கோயில் அருவிக்கு லீவு நாள்ல கூட்டம் அள்ளுது. ஆத்துல திடீர்னு தண்ணி ஏறினா அதுல எத்தனை பேர் நீந்திக் கரையேறுவாங்க? 2021ல மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கிச் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பள்ளிக்கூட வயசுலயே நீச்சல் கத்துக்கொடுங்கன்னும் அதுவே சொல்லுது. பேரன்ட்ஸ் மீட்டிங்ல இதைக் கேட்டேன். "ரிஸ்க் சார், ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"ன்னாங்க. கத்துக்கொடுக்காம விட்டு ஏதாவது ஆனா அதுக்கு யாருங்க பொறுப்பு?

சேத்தூர்ப் பக்கம் தெரிஞ்சவர் தென்னந்தோப்புல படிக்கட்டு வச்ச கிணறு ஒண்ணு இருக்கு. கோடைக்குக் கேட்டு வச்சிருக்கேன். கயிறு வாங்கியாச்சு. சுரைக்குடுக்கைக்கு ரெண்டு ஊர்ச் சந்தையிலயும் அலைஞ்சு பார்த்தாச்சு, கிடைக்கல; காலி கேனைத்தான் கட்டி விடணும். தம்பி பொஞ்சாதியைச் சம்மதிக்க வைக்கிறது இன்னும் பாக்கி.