வந்ததை அப்படியே அனுப்பினேன், ஐயா

மூன்று வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஓய்வுபெற்ற எங்களையும் மரியாதைக்காக அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் காலை அதில் என்னோடு இருபது ஆண்டுகள் பணியாற்றிய கணக்கு ஆசிரியரின் படம் வந்தது. ஓரத்தில் எரியும் விளக்கு. கீழே, "இயற்கை எய்தினார்."

பத்து நிமிடத்தில் வரிசை கட்டிவிட்டார்கள். ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல், கண்ணீர் அஞ்சலி. ஒருவர் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அழித்தார். ஆறாவது ஆளாக நானும் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டேன். அவருடைய எண் என் போனில் இருக்கிறது. அவர் வீட்டுக்கு என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். ஆனாலும் போட்டேன்.

அந்த நேரத்தில் மனிதர் கண்புரை ஆபரேஷன் முடிந்து, கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்!

இதே பெயரில் வேறொரு ஊரில் ஒருவர் இறந்திருக்கிறார். யாரோ பெயரை மட்டும் பார்த்துவிட்டு இவர் படத்தை ஒட்டிவிட்டார்கள். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தப் படம் குழு விட்டுக் குழு தாவி, பெங்களூரில் இருக்கும் அவர் மகளுக்கும் போய்விட்டது. சின்ன ஆபரேஷன்தானே, பிள்ளை பயப்படும் என்று மகளிடம் சொல்லாமல் போயிருந்தார்கள். போனை அணைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பெண் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாள். கிருஷ்ணகிரி வரும்வரைக்கும் அப்பா இல்லை என்றே அழுதுகொண்டு வந்திருக்கிறாள்.

படத்தைப் போட்ட மாணவனை அழைத்துக் கேட்டேன். கெட்ட பையன் இல்லை. ஊரில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் ஓடி வருகிறவன். அவன் சொன்ன பதில்: "எனக்கு வந்துச்சு ஐயா. வந்ததை அப்படியே அனுப்பினேன்."

அவ்வளவுதான். தான் ஏதோ செய்தோம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. தபால்காரரைப் போய்க் கடிதத்தில் இருப்பதற்குத் திட்டலாமா என்பதுபோல என்னைப் பார்த்தான்.

எனக்கு எரிச்சல் வந்தது அந்த வாக்கியத்தின் மேல்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் இலக்கணம் நடத்தியவன் நான். தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா? "வந்தான்" என்று மட்டும் இருந்தால் எழுவாய் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தேடினால் "அவன்" உள்ளே நிற்பான். இன்றைக்கு இணையத்தில் நடக்கும் பேச்சில், தேடினாலும் கிடைக்காத எழுவாயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "சொல்றாங்க." யார்? "பேசிக்கிறாங்க." எங்கே? "கூறப்படுகிறது." யாரால், அப்பா, யாரால்? செயப்பாட்டுவினையை நான் நடத்தியது, செய்தவனை ஒளித்து வைப்பதற்காக இல்லை.

கொஞ்ச நாளாக இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். சிலவற்றைச் சொல்கிறேன். உங்களுடையது இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னுடையதும் இருக்கிறது.

"உண்மையா தெரியல, இருந்தாலும் எச்சரிக்கையா இருங்க." உண்மையா என்று தெரியாவிட்டால் எதைப் பற்றி நான் எச்சரிக்கையாக இருப்பது?

"இதை எந்த ஊடகமும் காட்டாது." காட்டாததற்கு, அது நடக்கவே இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாமே.

"உண்மையான தமிழனா இருந்தா பகிருங்கள்." என் தமிழுக்குச் சான்றிதழ் கொடுக்க இவர் யார்?

"முழுசா படிக்கல, ஆனா..." இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் நான் என்ன மதிப்பெண் போட்டிருப்பேன் என்று அவர்களுக்கே தெரியும்.

"கூகுள் பண்ணிப் பாருங்க." நீங்கள் சொன்னதற்கு நான் ஏன் ஆதாரம் தேட வேண்டும்? சொன்னவர்தான் காட்ட வேண்டும்.

"அப்போ எங்கே போனீங்க?" நான் அப்போது எங்கே போயிருந்தாலும் இப்போது கேட்ட கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

"நாசாவே சொல்லிருச்சு." திருநள்ளாற்றுக்கு மேலே போகும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன என்ற செய்தியை எனக்கு இதுவரை எத்தனை பேர் அனுப்பியிருப்பார்கள் என்று கணக்கில்லை. நானும் திருநள்ளாறு போய் வந்தவன்தான். பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில்தான் அது கீழே விழாமல் சுற்றுகிறது. நின்றால் விழுந்துவிடும். சனி பகவானின் பெருமைக்கு இந்தப் பொய்ச் சாட்சி தேவையா? நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக வரும் செய்தியும் இதே ரகம்தான். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லி மடக்கினால் கடைசி ஆயுதம் வரும்: "இது என் கருத்து." கருத்து சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒருவர் இறந்தாரா இருக்கிறாரா என்பது கருத்தில்லை.

ஒரு ஆசிரியர் ஓய்வுபெற்றதும் வேலையில்லாமல் வார்த்தைக்கு வார்த்தை குறை கண்டுபிடிக்கிறார் என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2018 மே மாதத்தை ஒரு நிமிடம் நினைவில் கொண்டுவாருங்கள். வடமாநிலத்தவர் கூட்டம் ஒன்று குழந்தைகளைக் கடத்துகிறது என்று நம் போன்களில் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றிருக்கிறது. 65 வயது அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊரே திரண்டு அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம்.

அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியவர் ஒருவராக இருக்கலாம். "வந்ததை அப்படியே" அனுப்பியவர்கள் எத்தனை ஆயிரம்? அவர்களில் பெரும்பாலானோர் தடி எடுத்திருக்க மாட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குப் போலீஸும் போயிருக்காது. "குழந்தைகள் நலனுக்காகத்தான் அனுப்பினேன்" என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அதே 2018 ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம், முன்னனுப்பிய செய்தி என்று காட்டும் அடையாளத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்யப்போவதாகவும் அறிவித்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று ஆக்கியது. நம் விரலுக்கு ஒரு கம்பெனிக்காரன் கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. நமக்கே வெட்கமாக இல்லையா?

"நல்லெண்ணத்துலதானே ஐயா அனுப்புறோம்" என்று கேட்பீர்கள். நல்லெண்ணம் இருந்தால் இரண்டு நிமிடம் செலவழியுங்கள். சம்பந்தப்பட்டவருக்கு ஒரு போன் போடுங்கள். எங்கே, எப்போது, யார் சொன்னது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் உங்கள் பெயரில் சொல்லுங்கள்: "நான் விசாரித்தேன், இது உண்மை." இந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்யப் போகும்போது கை தயங்குகிறதா? அப்படியானால் அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள்.

தவறிப் போய் அனுப்பிவிட்டால் "தவறு என்னுடையது" என்று அதே குழுவில் எழுதுங்கள். சத்தமில்லாமல் அழித்துவிட்டு மறுநாள் காலை வணக்கம் போடாதீர்கள்.

கணக்கு ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள், என்னிடம் அதிகம் பேசவில்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எண்ணிப் பார்த்தேன் சார். அறுபத்து மூணு பேர் இரங்கல் போட்டிருக்கீங்க. ஒருத்தர்கூட வீட்டுக்குப் போன் பண்ணி என்னாச்சுன்னு கேக்கலையே."

போன் அணைத்திருந்தது சார் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் அடித்துப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவரிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். குழுவிலும் எழுதினேன். அதற்கு மூன்று பேர் "அருமை ஐயா" என்று போட்டார்கள்.

பி.கு.: இதைப் பகிர விரும்புகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுப் பகிருங்கள். மேலே "வந்ததை அப்படியே" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.