கம்பியைக் காப்பவர்கள்

சுன்னாகத்தில் பிறந்தவனுக்கு விமானந்தாங்கிக் கப்பலோடு என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். போர் விமானத்தைப் பற்றி எங்கள் ஊரவர் பெற்ற அறிவெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் பெற்றது. பதுங்குகுழிக்குள் குந்தியிருந்து காதாற் கேட்டுப் பெற்றது. பலாலிப் பக்கமிருந்து எழும் இரைச்சல் எந்த வகை விமானத்தினுடையது என்று எங்கள் சிறுபிள்ளைகள்கூடப் பிரித்தறிந்த காலம் ஒன்று இருந்தது. ஆகவே போர்க்கப்பலைப் போற்றி எழுத எனக்கு மனம் வராது. நான் எழுத வந்தது கப்பலைப் பற்றியன்று. அதன் மேல்தளத்தில் பச்சை அங்கி அணிந்து நிற்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி. செய்தி எழுதும் தொழிலில் இருப்பவர்கள் அவர்களை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதை இல்லை. இருப்பது குறுக்கே கட்டப்பட்ட சில உருக்குக் கம்பிகள் மாத்திரமே. அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் நான்கு. இந்தியாவின் விக்கிரமாதித்தியாவிலும் புதிய விக்ராந்திலும் மூன்று. விமானத்தின் வாற்புறத்தில் தொங்கும் கொக்கி அவற்றுள் ஒன்றைக் கவ்வவேண்டும். கவ்விவிட்டால் 22 தொன் எடையுள்ள விமானம் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு வினாடியில், நூறு மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடும். விமானி தளத்தைத் தொட்டவுடன் இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறான். கொக்கி தவறினால் மறுபடி மேலெழவேண்டும் என்பதற்காக. அதாவது கம்பி இழுப்பது ஓய்ந்துபோன விமானத்தை அன்று. முழுப்பலத்தோடு முன்னே பாயும் விமானத்தை.

கம்பி தானாக இழுப்பதில்லை. தளத்தின் கீழே ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பெரும் பொறி உண்டு. கம்பி இழுபடும்போது அப்பொறியின் உலக்கை உள்ளிருக்கும் திரவத்தை ஓர் ஒடுங்கிய வாயில் வழியே தள்ளுகிறது. அந்த வாயிலை எவ்வளவு திறந்து வைப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வரும் விமானம் எது, அதில் எரிபொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, ஆயுதங்களோடு திரும்புகிறதா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் எடையைக் கணித்துப் பொறியைத் திருத்தி வைக்கவேண்டும். குறைவாக வைத்தால் விமானம் தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்குள் போகும். கூடுதலாக வைத்தால் கொக்கியோ கம்பியோ பிய்ந்துவிடும். மேலிருந்து ஒருவர் எடையைக் கூறுவார். கீழே பொறியறையில் நிற்பவர் அதைத் திருப்பிக் கூறி, வைத்துவிட்டேன் என்று உறுதிசெய்வார். விமானம் கண்ணுக்குத் தெரியாத அறையில் நின்றுகொண்டு ஓர் எண்ணை மாத்திரம் நம்பிச் செய்யும் வேலை அது.

இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் நடந்தாகவேண்டும். அடுத்த விமானம் அதற்குள் வந்துவிடும். இறங்கிய விமானத்தின் கொக்கியிலிருந்து கம்பி கழன்றதா என்று ஒருவர் ஓடிப் பார்க்கிறார். இன்னொருவர் கம்பியைப் பின்னிழுக்கிறார். வேறொருவர் அதில் இழை ஏதும் அறுந்து துருத்துகிறதா என்று நோக்குகிறார். தளம் தெளிவாக இருக்கிறது என்ற விளக்கு எரியாவிட்டால் வந்துகொண்டிருக்கும் விமானம் திருப்பி அனுப்பப்படும். இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சைகை. செய்பவர்களில் பலர் இருபது வயதை எட்டியும் எட்டாதவர்கள்.

விமானம் பறக்காத வேளையிலும் ஓய்வில்லை. குறுக்குக் கம்பி ஏறக்குறைய நூறு விமானங்களை நிறுத்தியதும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், கழற்றி எறியப்படும். கீழே பொறியில் சுற்றியிருக்கும் நீண்ட வடத்தின் நுனியைப் பிரித்து, இழை இழையாக விரித்து, எண்ணெய் போகக் கழுவி, உருக்கிய நாகத்தை வார்த்துப் பூட்டுவார்கள். பார்ப்பதற்குப் பொற்கொல்லரின் வேலை போலிருக்கும். பிழைத்தால் வரும் விளைவு வேறு.

எங்கள் பகுதியில் இறைப்புக்குத் துலா மிதித்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த வேலையின் தன்மையை நீட்டி விளக்கவேண்டியதில்லை. ஆடுகால்களுக்கிடையே அச்சுலக்கையில் கிடக்கும் துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடப்பார். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்துச் சரிப்பார். வாய்க்காலின் மறுமுனையில் ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். மேலே நடப்பவருடைய உயிர் கீழே நிற்பவரின் கவனத்தில் இருந்தது. வைகறையில் துலாக்கொடியைத் தடவிப்பார்த்து, இன்றைக்குத் தாங்கும் என்று சொல்லும் ஒருவர் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார். புகையிலை நன்றாக விளைந்தால் தோட்டக்காரரின் பெயர்தான் சந்தையில் அடிபடும். கொடியைத் தடவிப்பார்த்தவரை யார் நினைத்தார்கள்?

கப்பலிலும் அதே கதைதான். 1911 ஜனவரி 18ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா என்ற கப்பலின் மேல் யூஜின் இலி என்பவர் தமது விமானத்தை இறக்கினார். கப்பலில் விமானம் இறங்கியது உலகில் அதுவே முதற்றடவை. அவரை நிறுத்தியவை, இரு முனையிலும் மணல்மூட்டை கட்டிக் குறுக்கே இழுத்த 22 கயிறுகள். இலியின் பெயர் எல்லா நூல்களிலும் உண்டு. மணல் அளந்து மூட்டை கட்டிய மாலுமிகளின் பெயரை நான் இதுவரை எங்கும் வாசிக்கவில்லை. இந்தியாவின் முதல் விக்ராந்தில் 1961 மே மாதம் முதன்முதலில் விமானம் இறக்கிய தஹிலியானி பின்னர் கடற்படைத் தளபதியாகவே உயர்ந்தார். 2020 ஜனவரி 11இல் இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட தேஜஸ் விமானம் விக்கிரமாதித்தியாவில் இறங்கியபோது விமானி ஜெய்தீப் மாவ்லங்கரின் பெயரைப் பத்திரிகைகள் பாராட்டோடு வெளியிட்டன. அவர் பாராட்டுக்குரியவரே, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அன்று பொறியறையில் எடை வைத்தவர் யார்?

அந்த முதல் விக்ராந்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1971 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் அது போருக்குப் போனபோது அதன் கொதிகலன்களுள் ஒன்று வெடிப்புக் கண்டிருந்தது. முழுவேகத்தில் ஓட இயலாத கப்பல். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது இயந்திரப் பகுதியாரின் தலைவலியாக மாத்திரம் தோன்றும். கணக்கு அப்படியன்று. இறங்கும் விமானத்தின் வேகத்திலிருந்து கப்பலின் வேகமும் எதிர்காற்றின் வேகமும் கழிந்த பிறகு மிஞ்சுவதையே கம்பி தாங்குகிறது. கப்பல் மெதுவாக ஓடினால் குறைந்த அவ்வளவும் கம்பியின் தலையில் ஏறும். அந்த நிலையிலும் சீஹோக், அலிஸே விமானங்கள் நாள்தோறும் புறப்பட்டுத் திரும்பி இறங்கின. அப்போரைப் பற்றி வந்த நூல்களில் தாக்குதல்கள் விரிவாக உள்ளன. கம்பிகள் ஓரிரு வரியோடு சரி.

பெயர் வராததை ஒரு பெருங்குறையாக நான் சொல்லவில்லை. 1930 முதல் 1958 வரை எங்கள் சுன்னாகத்திலிருந்து வெளிவந்த ஈழகேசரியில் எழுதியவர்களை இன்றும் இலக்கிய உலகம் நினைவுகூர்கிறது. ஈய எழுத்தைத் தலைகீழாக வாசித்து ஒவ்வொன்றாய் அடுக்கிய அச்சுக்கோப்பாளரை நினைப்பார் இல்லை. தொழிலின் இயல்பு அது என்று விட்டுவிடலாம். விட்டுவிட முடியாதது வேறொன்று. எல்லாம் நன்றாக நடக்கும்போது காணப்படாத இவர்கள், ஏதேனும் பிழைத்த மறுகணமே அறிக்கையின் முதற்பக்கத்தில் காணப்படுகிறார்கள்.

2016 மார்ச் 18இல் ஐசனோவர் கப்பலில் ஈ-2சி விமானம் ஒன்று இறங்கியபோது கம்பி அறுந்தது. விமானம் தளத்தின் விளிம்பிலிருந்து சரிந்து, கடலைத் தொடும் தறுவாயில் மீண்டும் மேலெழுந்து தப்பிப் பறந்தது. தளத்தில் நின்ற எட்டு மாலுமிகளைச் சாட்டைபோல் திரும்பிய கம்பி காயப்படுத்தியது. விமானமோட்டிகளின் திறமையை எல்லாரும் மெச்சினார்கள். விசாரணை, பராமரிப்புப் பணியாளர் பொறியைச் சரிபார்த்தபோது முக்கியமான ஒரு படிமுறையைத் தவறவிட்டனர் என்றது. அவர்கள் பின்பற்றிய கைநூலில் தகுந்த எச்சரிக்கைகள் இருக்கவில்லை என்பதையும் அதே விசாரணை ஏற்றுக்கொண்டது. தலைப்புச் செய்திக்குப் போனது முன்னையது. பின்னையது கடைசிப் பந்தியில் தங்கிவிட்டது. கைநூலை எழுதியவர் யார், அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் யார் என்று கேட்ட நிருபரை நான் காணவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் சிரியாவுக்கு அண்மையில் நின்ற ரஷ்யாவின் குஸ்னெற்சோவ் கப்பல் மூன்று வாரங்களுக்குள் இரண்டு விமானங்களை இழந்தது. நவம்பரில், தடுப்புக் கம்பிகள் பழுதானதால் இறங்க இடமின்றிக் காத்திருந்த மிக்-29கே ஒன்று கடலில் வீழ்ந்தது. டிசம்பரில், கம்பி அறுந்து சு-33 ஒன்று போயிற்று. இரு விமானிகளும் உயிர் தப்பினர். அத்தனை நாட்டுப் பத்திரிகைகளும் விமானத்தின் விலையைக் கணக்கிட்டன. பழைய கப்பலில் பழுதான பொறியை வைத்துக்கொண்டு அந்தக் குழுவினர் எத்தனை மணிநேரம் உறங்காமல் நின்றார்கள் என்பது எவருடைய கணக்கிலும் வரவில்லை.

2025 மே 6இல் செங்கடலில் ஹரி ட்ரூமன் கப்பலில் தடுப்புப் பொறி பிழைத்து எப்/ஏ-18 ஒன்று கடலுக்குள் போனது. இருவரும் வெளியே பாய்ந்து தப்பினர். ஆண்டு முடிவதற்குள் வெளியான விசாரணை, பராமரிப்பு மோசமாக இருந்தது என்றதோடு நின்றுவிடவில்லை. ஆட்பற்றாக்குறையையும் பயிற்சிக் குறைவையும் சேர்த்தே சொன்னது. இது ஓரளவு ஆறுதல். போதிய ஆளும் பயிற்சியும் தராமல் மாதக்கணக்காகக் கடலில் நிறுத்திவைத்துவிட்டு, ஓர் ஆணி பூட்டப்படவில்லை என்று இருபது வயது இளைஞனைச் சுட்டுவது முறையாகாது. மனிதத் தவறு என்ற சொற்றொடர் இருக்கிறதே, அதைப்போல வசதியானது அதிகாரிகளுக்கு வேறில்லை. ஆட்களைக் குறைத்தவரும் மனிதர்தாம்; அவர் செய்த தவறை மாத்திரம் நிர்வாக முடிவு என்பார்கள்.

ரயில் தடம்புரண்டால் சமிக்ஞைக்காரர், மின்சாரம் தாக்கினால் கம்பத்தில் ஏறிய தொழிலாளி, மருந்து மாறினால் தாதி என்று எங்கள் நாட்டுச் செய்திகளும் இந்த வழியிலேயே போகின்றன. விபத்துச் செய்தி எழுதப் போகும் இளைய நிருபர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: யார் தவறவிட்டார் என்று கேட்ட அதே மூச்சில், அவர் எத்தனை மணிநேரமாக வேலையில் நின்றார், பக்கத்தில் நிற்கவேண்டிய மற்றவர் எங்கே போனார், அவருக்குக் கொடுத்த கைநூல் என்ன சொன்னது என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், கேட்டும் பதில் கிடைக்கவில்லை என்பதையாவது எழுதுங்கள்.

2017இல் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்த போர்ட் கப்பலில் பழைய திரவப்பொறிக்குப் பதிலாக நீர்ச்சுழலியும் மின்னோடியும் கொண்ட புதிய பொறியைப் பொருத்தியிருக்கிறார்கள். விசையைக் கணினி கணித்துக்கொள்கிறது. ஆட்களும் குறைவாகப் போதும் என்றார்கள். தொடக்க ஆண்டுகளில் அது கொடுத்த தொல்லை கொஞ்சநஞ்சமன்று. ஆயினும் விமானம் நின்றதும் ஓடிச்சென்று, கொக்கி கழன்றதா, இழை துருத்துகிறதா என்று பார்க்கும் பச்சை அங்கிக்காரர்கள் அந்தக் கப்பலிலும் நிற்கத்தான் நிற்கிறார்கள்.