மணிலாக் கொல்லையும் மலிவு ஸ்கோப்பும்

காட்டுப்பன்றிக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். மணிலாக் கொல்லையில் பன்றி புகுந்தால் விவசாயி பிழைப்பு கெடும். சரக்கு குறைந்து விலை ஏறினால், தாம்பரத்தில் கல்லாவில் இருப்பவர்தான் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யாரும் இஷ்டத்துக்கு வேட்டையாட முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்குவதானால், குறைந்த டெண்டரை மட்டும் பார்க்கக்கூடாது என்பது என் கருத்து.

பெரிய துப்பாக்கி சுட்டதும் பலமாகப் பின்னுக்கு உதைக்கும். மட்டமான ஸ்கோப்பில் அந்த அதிர்ச்சியில் குறி நகர்ந்துவிடும். அடிபட்டுத் தப்பிய பன்றி ஆளைப் பாயும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்றரை, நான்கு அங்குல இடைவெளி வேண்டும். இல்லையேல் சுடுபவர் புருவம் கிழியும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது பார்க்க ஜோர். கிட்டத்தில் ஓடும் பன்றி அதில் அகப்படாது. நாலு மடங்கு போதும். பிணைக்கும் வளையமும் திருகும் கெட்டியாக இருக்க வேண்டும்.

குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் மூட்டைக்குப் பணம் தருவதுண்டா? அதுபோல 20 குண்டு சுட்டுப் பார்க்கட்டும். கடைசிக் குண்டும் முதல் குண்டு பட்ட இடத்திலேயே பட்டால் பில்லைப் பாஸ் செய்யட்டும்.