கடைப் பலகையில் எத்தனை வேலை எழுதலாம்?

நகத்தை அழகு செய்வது ஒரு தொழிலா? சில பெரியவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். ஆமாம், தொழில்தான். குடும்பத்தையே காப்பாற்றக்கூடிய தொழில்!

1975-ம் ஆண்டு வியட்நாம் போர் முடிந்தது. அகதிகளாக வந்த பெண்கள் அமெரிக்காவில், சாக்ரமென்டோ நகருக்கு அருகே ஒரு முகாமில் இருந்தார்கள். சினிமா நடிகை டிப்பி ஹெட்ரன் அங்கு உதவி செய்யப் போனார். பெண்கள் அவருடைய நகங்களையே பார்த்தார்கள். நடிகைக்கு ஒரு யோசனை தோன்றியது. தனக்கு நகம் அழகு செய்யும் பெண்ணை முகாமுக்கு வரவழைத்தார். 20 பெண்கள் தொழில் கற்றார்கள். முறையாகப் படித்து, உரிமம் வாங்கினார்கள். இன்று கலிபோர்னியாவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாம் வம்சத்தினர்!

நம் ஊரில் நடப்பது வேறு. சில நாள் வகுப்பு முடிந்ததும் கடை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. பலகையில் 15 வேலைகளை எழுதிவிடுகிறார்கள். ஜெல் பாலிஷ், அக்ரிலிக் நகம், ஒட்டு நகம், கல் பதித்தல்... எல்லாம் உண்டு!

இது தவறு. முதலில் மூன்று வேலை போதும் என்பேன். கை நகத்தை வெட்டி வடிவாக்குவது, பாதத்தைச் சுத்தம் செய்வது, சாதாரண நெயில் பாலிஷ் போடுவது.

"இது யாருக்குத்தான் தெரியாது?" என்று கேட்காதீர்கள். பத்து விரலிலும் பாலிஷ் தோலில் படாமல், ஒரே கனமாகப் போட்டுப் பாருங்கள். தெரியும்! அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, யார் கை கொடுத்தாலும் பழகுங்கள்.

நகச்சுத்தி வரும்!

நகத்தின் அடியில் மெல்லிய தோல் இருக்கிறது. அதுதான் வாசற்கதவு. கிருமி உள்ளே போகாமல் தடுக்கிறது. அழகுக்காக அதை வெட்டி எறிந்தால் என்ன ஆகும்? நகச்சுத்தி வரும். விரல் வீங்கி, சீழ் வைத்து, இரவெல்லாம் தூங்கவிடாது. வெந்நீரில் ஊறவைத்து, மெதுவாகத் தள்ளிவிடுங்கள். அது போதும்.

ஜெல் பாலிஷ் அடுத்த படி. அது விளக்கொளியில் இறுகும் பசை. சரியாக இறுகாத பசை தோலில் பட்டால் அலர்ஜி உண்டாகலாம். வந்துவிட்டால், ஆயுள் முழுவதும் விடாது. வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, நாள் முழுவதும் அதைத் தொடுகிற உங்களுக்கும்தான்! ஜெல்லில் சேர்க்கப்பட்ட டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை, அழகுப் பொருள்களில் சேர்க்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடைசெய்திருக்கிறது. ஆகவே, டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

மின்சார அரத்தை கடைசியில் தொடுங்கள். கை தவறினால் நகம் தேய்ந்து மெலிந்துவிடும். கைவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். அந்த 6 மாதமும் அந்த அம்மாள் உங்கள் கடைப் பெயரைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்!

"கடன் வாங்கி வகுப்புக்குப் போனேன். மூன்று வேலையில் வட்டி கட்ட முடியுமா?" என்று கேட்பது புரிகிறது. நியாயமான கேள்வி. அக்ரிலிக் நகத்துக்குக் கூலி அதிகம்தான்.

ஆனால், குனிந்து நகம் வெட்ட முடியாத பாட்டிமார் எத்தனை பேர்! பித்த வெடிப்போடு நடக்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! அவர்களைத் தேடி யாரும் கடை வைப்பதில்லை. கல்யாணப் பெண் ஒரு தடவை வருவாள். பாட்டி மாதாமாதம் வருவார்.

ஒரே எச்சரிக்கை. பாதத்தைத் தொடுவதற்கு முன், "சர்க்கரை நோய் உண்டா, அம்மா?" என்று கேளுங்கள். உண்டு என்றால், டாக்டரைக் கேட்டுவிட்டு வரச்சொல்லுங்கள். சிறிய காயம்கூட ஆறாமல் புண்ணாகிவிடலாம். நகம் தடித்து மஞ்சளாகியிருந்தாலும், கறுப்புக் கோடு விழுந்திருந்தாலும், பாலிஷ் போட்டு மறைக்காதீர்கள். அதுவும் டாக்டர் பார்க்கவேண்டியது.

நாளை முகூர்த்தம் என்று ஒரு பெண் ஓடிவருவாள். நீண்ட நகம் வைக்கச் சொல்வாள். "எனக்கு அதில் இன்னும் கை படியவில்லை, அக்கா. அடுத்த தெருவில் நன்றாகச் செய்வார்கள். பாதத்துக்கு மட்டும் நான் செய்து தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே, அவள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவாள்.