எங்கள் கதையில் மோதல் எங்கே என்று கேட்பவர்களுக்கு

செவிலிமேட்டில் எங்களோடு களப்பணிக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர் குறும்படத்துக்குக் கதை எழுதியிருந்தார். காலனியிலிருந்து பட்டுத் தறிக்குக் கூலிவேலைக்குப் போகும் ஒரு பெண். காலையில் தண்ணீர் பிடிக்கிறாள், தார் சுற்றுகிறாள், மகளோடு சண்டை போடுகிறாள், சாயங்காலம் பாலாற்றுப் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு பயிற்சிப் பட்டறையில் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்கள்: "தலித் கதைன்னு சொல்றீங்க, இதுல மோதல் எங்க?" யாராவது அவளை அடிக்க வேண்டும், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டவாவது வேண்டும். அப்போதுதான் படம் நகருமாம்.

கேள்வி தொழில்நுட்பம் மாதிரித் தெரிகிறது. ஆனால் அதில் அரசியல் இருக்கிறது. நாயகனுக்கு ஒரு ஆசை, அதற்கு ஒரு தடை, கடைசியில் உச்சகட்டம் என்ற சூத்திரத்தில் நம் ஆட்களுக்குத் தடை என்றால் ஆதிக்க சாதிக்காரர்தான். அவர் உள்ளே வந்த பிறகுதான் நம் வாழ்க்கை தொடங்குகிறது. வராத நாட்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று திரைக்கதை கேட்பதில்லை.

இந்தச் சூத்திரத்தை உலகத்துக்கே விற்றது ஹாலிவுட். அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் இருந்தே அதற்கு மறுப்பும் வந்தது. சார்லஸ் பர்னெட் என்ற கறுப்பின மாணவர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தன் முதுகலைப் படிப்புக்காக 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தை எடுத்தார். இடம் வாட்ஸ். 1965-இல் 34 பேர் உயிரிழந்த பெரும் கிளர்ச்சி நடந்த பகுதி. சில ஆண்டுகள் கழித்துக் கேமராவோடு அங்கே போகிறவர் கிளர்ச்சியைத்தானே எடுப்பார்? பர்னெட் எடுக்கவில்லை. ஆட்டுத்தொட்டியில் வேலை செய்யும் ஸ்டான் என்பவனின் அன்றாடத்தை எடுத்தார். ஸ்டானுக்குத் தூக்கம் வருவதில்லை. சூடான கோப்பையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறான். மனைவியோடு ஆடத் தொடங்கிப் பாதியில் விலகிப்போகிறான். நண்பனோடு சேர்ந்து காசு கொடுத்து ஒரு பழைய கார் எஞ்சினை வாங்கி, மாடிப்படி வழியாக மூச்சு வாங்க இறக்கி, வண்டியின் விளிம்பில் வைக்கிறான். வண்டி கிளம்பியதும் அது கீழே விழுந்து உடைகிறது. அதோடு அந்தக் காட்சி முடிந்துவிடும், அதற்குப் பின்விளைவு எதுவும் கிடையாது. 'நான் ஏழை இல்லை, மற்றவர்களுக்குப் பொருள் கொடுக்கிறவன்' என்ற அர்த்தத்தில் அவன் பேசும் இடம் ஒன்று உண்டு. நம் தெருக்களில் அந்த ரோஷத்தை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்!

பாட்டுகளின் உரிமத்துக்குப் பணம் இல்லாததால் அந்தப் படம் 2007-இல்தான் முறையாகத் திரையரங்குக்கு வந்தது. ஆனால் 1990-லேயே அமெரிக்கா அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது.

நம் பக்கம் வருவோம். ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021) தேவையான படம். அதில் எனக்கு மறக்காதது, ராசாக்கண்ணும் செங்கேணியும் வாழும் அந்தத் தொடக்கப் பகுதி. லாக்கப்புக்குப் பிறகு படம் வக்கீலின் கைக்குப் போய்விடுகிறது. இருளர் குடும்பம் வழக்கின் சாட்சியமாகச் சுருங்குகிறது. நம் ஊரையே களமாகக் கொண்ட பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' தேசிய விருது வாங்கிய படம். மகளைப் பட்டுச்சேலையில் கட்டிக்கொடுப்பேன் என்ற வாக்கு, அதற்காக வாயில் அடக்கிக் கடத்தும் பட்டு நூல், பிடிபடுதல், சிறை என்று எல்லாமே ஒரே சேலையை நோக்கி ஓடுகிறது. பிரகாஷ்ராஜ் உலுக்கிவிடுகிறார். ஆனாலும் வெங்கடத்துக்கு அந்தச் சேலையைத் தாண்டி ஒரு சோம்பலான மத்தியானம்கூடக் கிடைப்பதில்லை.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' அந்த மத்தியானத்தைக் கொடுத்தது, அதுவும் உச்சி வெயிலோடு. கோபக்கார அப்பனும் மகனும் மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் நடக்கிறார்கள். மகன் ரூபாய் நோட்டைக் கிழித்துப்போட்டதால் பஸ்ஸுக்குக் காசில்லை. பையன் தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டில் அப்படிச் சேர்ந்த கற்கள் ஒரு குவியலாகக் கிடக்கின்றன. எத்தனை முறை அந்தப் பிள்ளை இப்படி நடந்திருக்கிறான் என்பதற்கு ஒரு வரி வசனம் கிடையாது. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது.

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: இவ்வளவு வன்கொடுமை நடக்கும்போது தேநீர்க் கோப்பையைக் காட்டிக்கொண்டு இருப்பதா? நியாயமான கோபம். வன்கொடுமையை எழுதாதே என்று நான் சொல்லவில்லை. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வலிப்பதே, கறுப்பி என்ற நாயோடும் அப்பாவின் கூத்தோடும் பரியனை நாம் முழு ஆளாகத் தெரிந்துகொண்டதால்தான். ஆளைத் தெரியாமல் அடியை மட்டும் பார்க்கிறவர் 'ஐயோ பாவம்' என்பார், வீட்டுக்குப் போவார். பரிதாபம் வாங்கி நமக்கு என்ன ஆகப்போகிறது?

இந்த ஊரிலேயே ஒரு ஆள் காத்திருக்கிறார். கோர்வைச் சேலையில் ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இரண்டாவது ஆள் வேண்டும். பல காலம் அந்த இடத்தில் குழந்தைகளை உட்கார வைத்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் காஞ்சிபுரத் தறிகளில் கட்டுண்டு உழைத்த பிள்ளைகளைப் பற்றி 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை பேசியது. அந்த அறிக்கை இல்லாமல் நாம் வாதாட முடியாது. ஆனால் அன்று அங்கே உட்கார்ந்த பிள்ளை இன்று நாற்பதைத் தொடும் ஆள். அவரை 'மீட்கப்பட்டவர்' என்ற ஒரே வார்த்தையோடு விட்டுவிடுகிறோம்.

எழுத நினைப்பவர்கள் அப்படி ஒருவரோடு பத்து நாள் இருங்கள். அவருக்கு யாரைப் பிடிக்காது, பொய் சொல்லும்போது கை என்ன செய்யும், சம்பள நாளில் முதலில் என்ன வாங்குவார், தறிச் சத்தம் நின்றுபோன ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமராவைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். ஷான் பேக்கர் 2015-இல் வெளியான 'டேஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ்ஸில்தான் எடுத்தார்.