நலம் நாடுவோம்: ஊசி குத்தினால் பூனை நடக்குமா?

வாசகச் சகோதரி ஒருவரின் கடிதம் எம் முன் இருக்கிறது. எட்டாண்டுகளாக அவர் வீட்டில் வளரும் பூனை, பின்னங்கால்களை ஊன்ற இயலாமல் இழுத்துக்கொண்டு நகர்கிறதாம். பிள்ளைகள் உணவு கொள்ளாமல் அழுகிறார்களாம். அக்குபங்சர் ஊசி குத்தினால் எழுந்து நடக்கும் என உறவினர் ஒருவர் கூறுகிறார். அழைத்துச் செல்லலாமா என்று வினவியிருக்கிறார். மாத இதழ் வெளிவரும் வரை காத்திருக்கக் கூடிய வினா அன்று அது. ஆதலின் அவருக்குத் தொலைபேசி வழியே விடை கூறிவிட்டோம். ஏனையோர்க்கும் பயன்படும் என்பதால் இங்கே விரித்துரைக்கிறோம்.

விலங்குக்கு ஊசி வைத்தியமா என நகைக்க வேண்டாம். சீனத்தில் 1608-ஆம் ஆண்டு வெளிவந்த குதிரை வைத்திய நூலொன்றிலேயே ஊசி இடம்பெற்றுள்ளது. எனினும் அக்காலத்து ஊசி, இரத்தம் வடிக்கவும் பயன்பட்ட தடித்த கருவி. இன்றைய மயிரிழை ஊசி அன்று. நாய்க்கும் பூனைக்கும் இப்பொழுது குறிக்கப்படும் புள்ளிகளில் பல, மனித உடலின் படத்திலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டவை. குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. ஆயினும் குதிரைப் படத்தில் பித்தப்பைக்குரிய பாதை வரையப்பட்டிருக்கும்!

அதற்காக முற்றிலும் தள்ளிவிடவும் இயலவில்லை. 1976-இல் கனடாவில் சுண்டெலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஊசியால் உண்டான வலித்தணிவு, நாலாக்சோன் என்னும் மருந்தைச் செலுத்தியதும் மறைந்துபோயிற்று. அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது நாலாக்சோன். ஆகவே உடல் தானே சுரக்கும் வலிநிவாரணியை ஊசி தூண்டுகிறது எனக் கருதினர்.

நீண்ட உடலும் குட்டைக் கால்களும் உடைய டாக்ஸ்ஹண்ட் போன்ற நாய்களுக்கு முதுகெலும்புத் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குவதுண்டு. அவ்வாறு கால் விளங்காமற்போன 40 நாய்களைப் பற்றிய பிரேசில் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. மின்னோட்டத்துடன் கூடிய ஊசி பெற்ற 19 நாய்களுள் 15 தேறின. அறுவை மட்டும் பெற்ற 10-இல் 4 தேறின. கேட்கச் சுவையான செய்தி. ஆயினும் எண்ணிக்கை சிறிது. பழைய பதிவேடுகளையும் சேர்த்து ஒப்பிட்ட கணக்கு அது. தானாகவே தேறும் நாய்களும் உண்டு. விலங்குகளுக்கான ஊசி வைத்திய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தோர் 2006-இல், எந்த நோய்க்கும் இதனைப் பரிந்துரைக்கவோ விலக்கவோ போதிய சான்று இல்லை என்றே முடித்தனர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வலி குறைந்ததா என்று நாயைக் கேட்க முடியாது; வளர்ப்பவரைத்தான் கேட்கிறோம். மூட்டு நோயால் நொண்டும் நாய்களுக்கு வெறும் போலி மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு, 2012-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கருவி காட்டாத முன்னேற்றத்தை வளர்ப்போர் பாதிக்கும் மேற்பட்ட தடவை கண்டதாகக் கூறினர். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்லர். பாசம் கண்ணை மறைக்கும் போலும்.

இனி, பூனைக்கு வருவோம். பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்து, பூனை வேதனையில் கதறி, பாதங்கள் சில்லிட்டு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால், இதயத்திலிருந்து புறப்பட்ட இரத்தக் கட்டி பெருந்தமனியை அடைத்திருக்கக் கூடும். அங்கே ஊசியைத் தேடி அலைவது, உயிர் காக்கும் நாழிகைகளை இழப்பதாகும். நாளடைவில் தளர்ந்து, குதிகாலைத் தரையில் பதித்து நடக்குமாயின் நீரிழிவாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். மூட்டுத் தேய்மானம் என உறுதியான பின்னர், பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரே மருந்தோடு ஊசியும் வைப்பாராயின், அதனை யாம் தடுக்க மாட்டோம்.

சகோதரியிடம் மற்றொன்றும் கேட்டோம்: வலிக்கென்று ஏதும் கொடுத்தீர்களா? பிள்ளைகளுக்காக வாங்கிய பாராசிட்டமாலில் பாதி கொடுக்க எண்ணியிருந்தாராம். பூனையின் உடலால் அம்மருந்தை முறித்து வெளியேற்ற இயலாது. ஒரேயொரு மாத்திரையும் அதனைக் கொன்றுவிடலாம். கொடுக்கவில்லை என்று அவர் சொன்ன பின்னரே எமக்கு மூச்சு வந்தது. அன்று மாலையே பூனையைக் கூடையில் வைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்.